தூங்கும் கார்டைத் தட்டிக் கேள்!

மேல்மலையனூர்க்காரனுக்கு விழித்திருக்க யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அமாவாசைக்கு அமாவாசை அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம். எங்கிருந்தெல்லாமோ சிறப்புப் பேருந்துகள் வந்து கொட்டுகிற சனம், துண்டை விரித்த இடமே வீடாக, நள்ளிரவு வரை கண் இமைக்காமல் காத்துக் கிடக்கிறது. அந்த மண்ணில் பிறந்துவிட்டு, "கெர்னல் கோடெல்லாம் நமக்கு எதுக்கு சார்? அது பெங்களூர்க்காரன் பார்க்கிற வேலை, அமெரிக்காக்காரன் பார்க்கிற வேலை" என்கிறாயே தம்பி, யார் உனக்கு அப்படிச் சொன்னது? எந்த எழுத்தில், எந்தச் சட்டத்தில் இருக்கிறது அது?

லினக்ஸ் கெர்னலின் விதியில் இருப்பது நேர்மாறான சங்கதி. ஒரு டிரைவரில் யாரோ ஒரு மாற்றம் எழுதி அனுப்புகிறார். பேட்ச் என்கிறோமே, அதுதான். அதைப் படித்துப் பார்த்து 'ரிவியூட்-பை' என்று தன் பெயரைப் போட யாருக்கு உரிமை? ஆர்வமும் உழைப்பும் உள்ள எவருக்கும். கெர்னலின் சொந்த ஆவணமே அப்படித்தான் சொல்கிறது. பட்டம் கேட்கவில்லை. கம்பெனி அடையாள அட்டை கேட்கவில்லை. நீ எந்தக் கல்லூரி, எத்தனை அரியர் என்று கேட்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறது: பெயர் போடுகிறவர் 'இது எல்லாச் சூழலிலும் சரியாக ஓடும்' என்று உத்தரவாதம் தருவதாக அர்த்தமில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தேன், கேட்க வேண்டியதைக் கேட்டேன், கிடைத்த பதிலில் திருப்தி. அவ்வளவுதான் அதன் பொருள். 'தப்பாகச் சொல்லிவிட்டால் மானம் போய்விடுமே' என்று நீ நடுங்குகிறாய். அந்த நடுக்கத்துக்கு விதியிலேயே இடம் வைக்கவில்லை!

இந்தக் கெர்னலை 1991 ஆகஸ்டில் உலகத்துக்கு அறிவித்தபோது லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வயது 21. ஹெல்சின்கியில் மாணவன். தாய்மொழி சுவீடிஷ். ஆங்கிலம் அவனுக்கும் கற்றுக்கொண்ட மொழிதான். நீ மட்டும் ஏன் ஆங்கிலத்தைக் கண்டால் கூனிக் குறுகுகிறாய்?

'எங்கே ஆரம்பிப்பது, கடல் மாதிரிக் கிடக்கிறதே' என்பாய். உண்மைதான், கெர்னல் இன்று ஏறத்தாழ 4 கோடி வரி. பாதிக்கு மேல் டிரைவர்கள். முழுக் கடலையும் யாரும் குடித்ததில்லை, லினஸ் உட்பட. நீ ஒரு மூலையைப் பிடி. நான் ஒரு மூலையைக் காட்டுகிறேன்: தூக்கம். வைஃபை கார்டு, சவுண்ட் கார்டு, மோடம் கார்டு, இவை தூங்கப் போகும்போதும் எழும்போதும் டிரைவர் என்ன செய்கிறது என்கிற இடம். பளபளப்பில்லாத மூலை. அதனாலேயே ஆள் குறைவு. அதனாலேயே உனக்கு இடம் உண்டு.

பிசிஐ கார்டுக்கு டி0 என்றால் முழு விழிப்பு. டி3 என்றால் ஆழ்ந்த தூக்கம். டி3-இலும் இரண்டு வகை. டி3ஹாட்டில் மின்சாரம் இருக்கும், 'எழுந்திரு' என்றால் எழும். டி3கோல்டில் மின்சாரமே போய்விடும். டி3ஹாட்டிலிருந்து எழுப்பினால் பொதுவாக 10 மில்லி வினாடியாவது பொறுக்க வேண்டும். அதற்குள் பேச்சுக் கொடுத்தால் கார்டு என்ன பதில் சொல்லும் என்று நம்ப முடியாது. தூங்கும் கார்டின் ரெஜிஸ்டரை ஒரு டிரைவர் அவசரப்பட்டுப் படித்தால் என்ன வரும்? பெரும்பாலான கணினிகளில் 32 பிட்டும் ஒன்றாகவே வரும். பதினாறடிமான எண்முறையில் எட்டு எஃப். அது பதில் இல்லை, பதில் சொல்ல ஆளில்லை என்பதற்கு அடையாளம். சில ஏஆர்எம் சில்லுகளில் அந்த மரியாதைகூடக் கிடையாது, கெர்னலே நிலைகுலைந்து விழும்.

இதில் கொடுமையான இடம் ஒன்றைப் பார். ஒரே இன்டரப்ட் கம்பியை இரண்டு மூன்று கார்டுகள் பகிர்ந்துகொள்வது உண்டு. அமாவாசைக் கூட்டத்தில் ஒரு குழந்தை "அம்மா!" என்று வீறிட்டால் சுற்றியிருக்கிற அத்தனை அம்மாக்களும் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா? அதேபோல் இன்டரப்ட் அடித்ததும் அந்தக் கம்பியில் இருக்கும் எல்லா டிரைவரையும் கெர்னல் கூப்பிடும். ஒவ்வொன்றும் தன் கார்டைப் பார்த்து, 'என்னுடையது' அல்லது 'என்னுடையதில்லை' என்று சொல்ல வேண்டும். ஒரு கார்டு தூங்குகிறது. அதன் டிரைவர் நிலை ரெஜிஸ்டரைப் படிக்கிறது. எட்டு எஃப் வருகிறது. எல்லா பிட்டும் ஒன்று என்றால் எல்லா நிகழ்வும் நடந்துவிட்டதாகத்தானே அர்த்தம்? பாவம், டிரைவர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. வராத டேட்டாவை வந்ததாக நினைத்து, இல்லாத பிழையைச் சரிசெய்யக் கிளம்புகிறது. தடுக்க என்ன வேண்டும்? 'கார்டு விழித்திருக்கிறதா?' என்று ஒரு சோதனை. ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லையே என்று கேட்க முனைவர் பட்டம் எதற்கு? கேட்கிற துணிச்சல் போதும்!

இன்னொரு இடம். கார்டைப் பயன்படுத்துமுன் டிரைவர் ஒரு கணக்கைக் கூட்டும், முடிந்ததும் குறைக்கும். கணக்கு பூஜ்யமானால்தான் கார்டு தூங்கலாம். நெடுங்காலமாகப் புழங்கிய 'பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க்' என்ற ஃபங்ஷனுக்கு ஒரு குணம் உண்டு: கார்டை எழுப்பத் தவறினாலும் கணக்கை மட்டும் கூட்டிவிடும். எழுப்ப முடியவில்லை என்று டிரைவர் அப்படியே திரும்பிவிட்டால் கூட்டிய கணக்கு கூட்டியதுதான். கார்டு அதன்பிறகு தானாகத் தூங்கப் போகாது, பேட்டரி சொட்டுச் சொட்டாக வடியும். எத்தனையோ டிரைவர்களில், அனுபவசாலிகள் எழுதியவற்றிலேயே இந்த ஓட்டை இருந்தது. 2020-இல்தான், தோற்றால் கணக்கைத் தானே குறைத்துக்கொள்ளும் 'பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட்' வந்தது. எத்தனையோ பேர் கண்ணில் பட்டும் நழுவிய பிழை இது! பெரிய ஆட்கள் பார்த்துவிட்டார்கள், இனி நான் என்ன கண்டுபிடிக்கப் போகிறேன் என்று நீ சொல்கிற சாக்கு இங்கேயே செத்துவிட்டது.

இப்போது நடந்த கதைக்கு வா. குவால்காம் மோடம்களும் வைஃபை கார்டுகளும் கணினியோடு பேசுவதற்கு எம்எச்ஐ என்று ஒரு முறை இருக்கிறது. 2020-இல் வந்த 5.7 கெர்னலில் சேர்ந்தது. அதிலும் தூக்கப் படிகள் உண்டு. எம்0 விழிப்பு, எம்3 தூக்கம். 2021-இல் ஒரு பேட்ச் உள்ளே போனது. நோக்கம் நல்லது: கணினி எழும்போது கார்டு எம்3-இல் இருக்கிறதா என்று முதலில் பார், இல்லையென்றால் அது மின்சாரம் இழந்து நினைவு தப்பியிருக்கலாம், வீணாகக் காத்திருக்காமல் உடனே தோல்வி என்று திரும்பிவிடு. படித்தால் யாருக்கும் சரி என்றுதான் படும். எனக்கும் படுகிறது. எழுதியவரும் பார்த்தவர்களும் கைதேர்ந்தவர்கள்.

ஆனால் உலகத்தில் மோடம் மட்டுமா இருக்கிறது? க்யூசிஏ6390, டபிள்யூசிஎன்6855 என்று மடிக்கணினிகளில் இருக்கும் வைஃபை கார்டுகள் எழும்போது எம்3 என்று சொல்வதில்லை. ஏன் என்று அப்போது யாருக்கும் தெளிவில்லை. சொல்லாவிட்டாலும் ஒழுங்காகவே வேலை செய்யும். புதுச் சோதனையோ கறாராக நின்றது. விளைவு? மூடியை மூடித் திறந்தால் வைஃபை காலி. சாதாரணப் பயனாளிகள்தான் கத்தினார்கள்: 'முந்தின கெர்னலில் ஓடியது, இதில் ஓடவில்லை.' அந்தக் குரலுக்குக் கெர்னல் உலகத்தில் தனி மதிப்பு. ஓடிக்கொண்டிருந்ததை உடைக்காதே என்பது அங்கே எழுதாத சட்டம் இல்லை, உரக்கக் கத்திச் சொல்லப்படும் சட்டம். ஆண்டு முடிவில் தீர்வு வந்தது: கார்டு எந்த நிலையில் இருந்தாலும் கட்டாயமாக எழுப்பும் தனி வழி. வைஃபை டிரைவர் அந்த வழியில் போனது, மோடம் பழைய சோதனையிலேயே நின்றது.

யோசித்துப் பார். அந்த முதல் பேட்ச் வந்த நாளில், அந்த வைஃபை கார்டு கையில் இருந்த ஒரே ஒரு ஆள் அதைப் போட்டு, மடிக்கணினியை ஒருமுறை தூங்கவைத்து எழுப்பி, "என்னுடையதில் வைஃபை வரவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால்? மாதக்கணக்கான தொல்லை அன்றே தீர்ந்திருக்கும். அந்த ஆள் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கலாம். அவலூர்பேட்டையில் இருந்திருக்கலாம். இருந்தும் 'நாம எதுக்கு' என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்! அந்த வாயைத்தான் திறக்கச் சொல்கிறேன்.

கெர்னலோடு வரும் பொறுப்பாளர் பட்டியலைத் திறந்து எம்எச்ஐ என்று தேடு. மெயின்டெய்னர் இடத்தில் மணிவண்ணன் சதாசிவம் என்று ஒரு பெயர் நிற்கும். பிசிஐ எண்ட்பாயிண்ட் பகுதியிலும் அதே பெயர். உலகம் முழுக்க இந்த டிரைவர்களுக்கு மாற்றம் எழுதுகிறவர்கள் அந்தப் பெயருக்குத்தான் அனுப்ப வேண்டும். பெயரைப் படிக்கும்போதே உன் தெருவில் கேட்ட மாதிரி இல்லை? நம் பெயர் அந்தப் பட்டியலில் ஏறாது என்று இனி சொல்லாதே.

'கருவி இல்லை' என்பது அடுத்த சாக்கு. 2011-இல் தொடங்கித் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில், ஆரம்ப ஆண்டுகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக்கில் உருவான லினக்ஸ். கெர்னல் உன் அக்காவின் மேசைக்கே அரசுச் செலவில் வந்து உட்கார்ந்திருந்தது. படம் பார்த்துவிட்டு மூடினோம். போகட்டும். அந்தப் பழைய இயந்திரம் பரணில் உயிரோடு இருந்தால் இறக்கு. 'ஆர்டிசிவேக்' என்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. இயந்திரத்தைத் தூங்கவைத்து, நீ சொன்ன வினாடிக்குப்பின் தானே எழுப்பிவிடும். ஒரு ஸ்கிரிப்டில் போட்டு நூறு முறை ஓடவிட்டுப் படு. காலையில் 'டிமெஸ்க்' எடுத்துப் படி. எந்த முறையில் எந்தக் கார்டு எழ மறுத்தது என்று அதில் இருக்கும். புது இயந்திரம் வேண்டும் என்று யார் சொன்னது? பழைய கார்டுகளைச் சோதிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

இந்த வட்டாரத்துப் பிள்ளைக்குப் பொறுமையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 1690 முதல் 1698 வரை, சுல்பிகார் கான் தலைமையில் வந்த மொகலாயப் படையைச் செஞ்சி காக்கவைத்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, இடையில் மதில். 2025-இல் யுனெஸ்கோ அதை மராட்டிய ராணுவக் கோட்டைகளில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். எட்டு வருட முற்றுகையை விடு. ஒரு பேட்சுக்கு எட்டு நாள் பதில் வராவிட்டால் நீ சோர்ந்து போகிறாய்! மெயின்டெய்னர் உன்னை ஒதுக்கவில்லை. அவர் மேசையில் குவிந்திருக்கிறது. இரண்டு வாரம் பொறு, பணிவாக ஒருமுறை நினைவூட்டு, அதுவே அங்கே வழக்கம்.

சரி, முதல் வேலை. ஒரு டிரைவரை எடுத்துக்கொள். உன் இயந்திரத்தில் இருக்கும் வைஃபையாகவோ சவுண்டாகவோ இருக்கட்டும். கையில் இல்லாத கார்டைப் பற்றி முதல் நாளே வீரம் பேசாதே. அதற்கு வரும் பேட்சில் சஸ்பெண்ட் பக்கத்தையும் ரெஸ்யூம் பக்கத்தையும் அருகருகே வை. தூங்கும்போது நிறுத்தியதெல்லாம் எழும்போது தலைகீழ் வரிசையில் திரும்பத் தொடங்குகிறதா? டைமர், வொர்க் கியூ ஏதாவது கார்டு தூங்கியபிறகும் ஓடிக்கொண்டிருக்கிறதா? பாதி வழியில் பிழை வந்தால் திரும்பும் பாதையில் கணக்கு குறைகிறதா? பிழைப் பாதைகளில்தான் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், நீ அங்கே இன்னும் கொஞ்சம் நேரம் நில். பிறகு பேட்சைப் போட்டு ஓட்டிப் பார்.

கோளாறு தெரிந்தால் எழுது. அலங்கார ஆங்கிலம் வேண்டாம், மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்க வேண்டாம், "நான் புதுசு, தவறென்றால் பொறுத்தருள்க" என்ற பல்லவி வேண்டவே வேண்டாம். எந்த வரி, என்ன நடந்தது, எந்தக் கார்டு, எந்தக் கெர்னல். மூன்று வாக்கியத்தில் முடி. நீ சொன்னது பிழை என்று ஒருவர் காரணத்தோடு மறுத்தால், படித்துப் புரிந்துகொண்டு நன்றி சொல்லி அடுத்த பேட்சுக்குப் போ. காரணமில்லாமல் மறுத்தால் மறுபடி கேள். உன்னிடம் லாக் இருக்கிறது, அவரிடம் இல்லை!

இரண்டாம் பதிப்பு வரும். உன் கேள்விக்கு அதில் விடை இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால், மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, 'ரிவியூட்-பை' என்று எழுதி அருகில் உன் பெயரைப் போடு. முழுப் பெயர். இனிஷியலுக்குள் ஒளிந்துகொள்ளாமல், அப்பா பெயரையும் விரித்து எழுது.