இணங்குவது தோல்வியா?

பலர் கூடி ஒரு செயலைச் செய்யும்போது, அவர்களுள் ஒருவர் தம் விருப்பத்தைத் தளர்த்திப் பிறருக்கு இணங்குகிறார். அவ்வாறு இணங்கியவர் எதையேனும் இழந்துவிட்டாரா? அல்லது இணங்காமல் பெற முடியாத ஒன்றைப் பெற்றாரா? குடும்பத்திலும், ஊர்க் கூட்டத்திலும், பங்குப் பேரவையிலும் நாள்தோறும் எழும் வினா இது. “நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?” என்று கேட்பவரைத் தன்னலக்காரர் என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர் கேள்வியில் நியாயமும் இருக்கலாம். விட்டுக்கொடுத்தல் என்னும் நற்பெயரைப் போர்த்திக்கொண்டு அடிமைத்தனமும் இவ்வுலகில் வாழ்ந்து வந்திருக்கிறது அன்றோ? இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? அறநூல்களைச் சற்றே மூடி வைத்துவிட்டு, இசையரங்கு ஒன்றினுள் நுழைந்து விடை தேடுவோம்.

மேலைநாட்டுச் செவ்வியல் இசையில் ‘ஸ்ட்ரிங் குவார்டெட்’ எனப்படும் நரம்பிசை நால்வர் குழு ஒன்று உண்டு. வயலின் இரண்டு; அவற்றைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று; முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஒன்று. இவ்வளவே. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்திரிய நாட்டு இசைமேதை ஹைடன் இவ்வடிவத்துக்கு உரமூட்டினார். மோட்சார்ட்டும் பேத்தோவனும் அதனை உச்சத்துக்கு உயர்த்தினர். பெரிய இசைக்குழுவின் முன்னே கோல் ஏந்தி நிற்கும் நடத்துநர் இங்கே இல்லை. ஒவ்வொரு பகுதியையும் ஒருவரே வாசிப்பதால், தவறு செய்தவர் பிறருடைய ஒலிக்குள் மறைந்துகொள்ளவும் வழியில்லை. ஜெர்மானியக் கவிஞர் கதே 1829-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில், இதனை அறிவுடையோர் நால்வரின் உரையாடலுக்கு ஒப்பிட்டார்.

நம் கச்சேரி அமைப்பு வேறு. அங்கே பாடகர் முதன்மையானவர். வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியங்கள். திருவிழா மேளத்தில் நாயனக்காரர் இருவர் இருந்தாலும், இருவரும் வாசிப்பது ஒரே பாட்டையே. நால்வர் குழுவிலோ நால்வருக்கும் நான்கு தனிவரிகள். அவை நான்கும் கூடினால்தான் பாட்டு. ஆயினும் இக்கலை நம் மண்ணுக்கு முற்றிலும் அயலானதன்று. முத்துசாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசாமி தீட்சிதர் வயலினைப் பயின்று கருநாடக இசைக்குள் கொணர்ந்து இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகின்றது. இளையராஜாவின் இசையில் வயலின் வாசித்துப் புகழ்பெற்ற வி. எஸ். நரசிம்மன், 1993-இல் ‘மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்’ என்னும் குழுவை நிறுவினார். ஒற்றை மெட்டாகவே நாம் கேட்டுப் பழகிய கீர்த்தனைகள், அக்குழுவில் நால்வர் கைகளில் பகிரப்பட்டு ஒலித்தன.

இனி, நம் கேள்விக்கு வருவோம். வீணையில் 24 மெட்டுகள் சுரத்தின் இடத்தைக் காட்டி நிற்கும். வயலின் குடும்பக் கருவிகளில் மெட்டு இல்லை. சுரத்தின் இடத்தை விரலும் செவியுமே தேடிக் கண்டடைய வேண்டும். இதில் ஒரு வியப்பான சிக்கல் உண்டு. செல்லோவின் தடித்த தந்தியைச் சட்ஜமாகக் கொள்வோம். சட்ஜத்திலிருந்து பஞ்சமம், அதற்குப் பஞ்சமமாக ரிஷபம், அதற்குப் பஞ்சமமாகத் தைவதம் என்று 3:2 விகிதத்தில் படிப்படியாக ஏறினால், வயலினின் மெல்லிய தந்தி காந்தாரமாக வந்து நிற்கும். ஒவ்வொரு படியும் பிழையற்றது. ஆனால் அந்தக் காந்தாரத்தையும் செல்லோவின் சட்ஜத்தையும் ஒருசேர ஒலித்துப் பாருங்கள். செவி முகம் சுளிக்கும். சட்ஜத்தோடு இழைகின்ற காந்தாரம் 80 என்றால், இது 81-இல் நிற்கிறது. தனித்து நின்றபோது சரியாக இருந்த சுரம், சேர்ந்து நின்றபோது பிழையாகிவிட்டது!

வயலின்காரர் என்ன செய்வார்? “என் தந்தியை நான் முறைப்படியே சுருதி கூட்டினேன், குறை என்னுடையதன்று” என்று வாதிடலாம். வாதம் சரியே, இசைதான் கெட்டுப்போகும். எனவே அத்தந்தியை விட்டு, அடுத்த தந்தியில் விரலை ஊன்றி, அக்காந்தாரத்தைச் சற்றே இறக்கி வாசிப்பார். நம் சச்சரவுகளுள் பல இத்தகையவை அல்லவா? இருவரும் தத்தம் அளவில் சரி. இருவரும் சேர்ந்தால் பிணக்கு. அங்கே குற்றவாளியைத் தேடுவதில் பயனில்லை. தேட வேண்டியது இருவரும் ஒன்றாக ஒலிக்கக்கூடிய இடத்தையே.

இது உண்மையை விலைபேசுவதாகாதா என்று ஒருவர் கேட்கலாம். தக்க கேள்விதான். ஆனால் அவர் இணங்கியது யாருக்கு என்பதைக் கவனியுங்கள். உரத்து வாசிப்பவருக்கு அவர் அஞ்சவில்லை. முதல் வயலின்காரரின் தயவை நாடவும் இல்லை. நால்வருள் எவருக்கும் சொந்தமல்லாத, நால்வரையும் கட்டுப்படுத்துகிற இசைக்கே அவர் இணங்கினார். மனச்சான்றை அடகு வைத்து ஒரு மனிதருக்குப் பணிவது வேறு. எல்லாருக்கும் மேலான ஒரு நன்மைக்குத் தானே முன்வந்து செவிசாய்ப்பது வேறு. முன்னது மனிதனைச் சிறுமைப்படுத்தும். பின்னது அவனை வளர்க்கும்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. நால்வர் என்பது இரட்டைப்படை எண். இருவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமும் நின்றால் வாக்கெடுப்பு பயன்படாது. ஆகவே, “உங்கள் முறையிலும் வாசித்துப் பார்ப்போம், எங்கள் முறையிலும் வாசித்துப் பார்ப்போம்” என்று இரண்டையும் கேட்டறிவதே இவர்களுக்கு உகந்த வழி. பெரும்பான்மை பலத்தால் வென்றுவிட்டு, தோற்றவர் மனத்தில் கசப்பை விதைத்துச் செல்லும் நம் கூட்டங்களுக்கு இதில் பாடம் உண்டு.

‘அமாடியஸ்’ என்னும் புகழ்மிக்க நால்வர் குழு 1947-இல் இலண்டனில் உருவாயிற்று. நால்வருள் மூவர் நாஜிக் கொடுமைக்குத் தப்பி வியன்னாவிலிருந்து ஓடிவந்த யூத இளைஞர்கள். அடைக்கலம் தந்த நாடே அவர்களைப் ‘பகைநாட்டார்’ என்று தடுப்பு முகாம்களில் அடைத்தது. அங்கே முளைத்தது அவர்தம் நட்பு. மூவரும் வயலின் கலைஞர்கள். குழுவுக்கோ வயலின் இரண்டுதான் தேவை. பீட்டர் ஷிட்லோஃப் வயலினை விட்டு வயோலாவை ஏந்தினார். அவர் இழந்தது என்ன என்பதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது. 1987-இல் அவர் இறந்தபோது, மற்ற மூவரும் வேறொருவரைத் தேடவில்லை, குழுவையே கலைத்துவிட்டனர். முன்வரிசையை விட்டுக்கொடுத்தவர், ஈடுசெய்ய இயலாதவராகிவிட்டிருந்தார்.

எங்கள் டி. கல்லுப்பட்டிக்கு இச்சிந்தனை புதிதன்று. தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, காந்தியடிகளின் வழியில் பொருளியலை ஆராய்ந்த ஜே. சி. குமரப்பா, தம் இறுதி ஆண்டுகளை இவ்வூர்க் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். நிலைத்த பொருளாதாரம் பற்றி 1945-இல் வெளிவந்த நூலில், அவர் வாழும் முறைகளை ஐந்தாகப் பகுத்தார். கொன்று தின்னும் புலி, உழைக்காமல் பறித்துண்ணும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை. தனக்கென உழைப்பதிலிருந்து எல்லாருக்குமென உழைப்பதற்கு ஏறுவது அவர் பார்வையில் வளர்ச்சி. இசை நால்வர் தேனீயின் படியிலேனும் நிற்கிறார்கள் எனலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. இந்நால்வரும் ஒருவரையொருவர் விரும்பித் தேர்ந்துகொண்டவர்கள். நம் ஊரும் குடும்பமும் அப்படியல்ல. அங்கே எப்போதும் பெண்களே இணங்குகிறார்கள். எப்போதும் ஒடுக்கப்பட்ட மக்களே வழிவிடுகிறார்கள். பின்னர் அதற்கு ‘ஊர் ஒற்றுமை’ என்று பெயர் சூட்டுகிறோம். நால்வர் குழுவில் அவ்வாறு நிகழ்வதில்லை. பேத்தோவன் 1806-இல் இயற்றிய நால்வரிசை ஒன்றில், முதன்மை மெட்டைத் தொடங்குவது செல்லோ. முதல் வயலின் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. செக் நாட்டு ஸ்மெத்தனா 1876-இல் தம் வாழ்க்கைக் கதையாக இயற்றிய நால்வரிசையிலோ வயோலாவே முன்னின்று பேசுகிறது. சுருதி கூட்டுவதிலும் அப்படியே. அந்த 80-க்கும் 81-க்கும் இடையிலான சுமை முழுவதையும் ஒரு சுரத்தின்மீது ஏற்றாமல், பஞ்சமம் ஒவ்வொன்றையும் மிகச் சிறிதளவு குறுக்கி, எல்லாத் தந்திகளுக்கும் அதைப் பகிர்ந்தளிக்கும் குழுக்கள் உண்டு.

எனவே, இணங்குதலை உரைத்துப் பார்க்க மூன்று கேள்விகள் நம் கையில் இருக்கின்றன. நான் இணங்குவது வலியவருக்கா, எல்லாருக்கும் பொதுவான நன்மைக்கா? சுமையை ஒருவர் மட்டும் தாங்குகிறாரா, எல்லாரும் பகிர்கிறோமா? இன்று பின்னின்றவருக்கு நாளை முன்னிற்கும் முறை வருகிறதா? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைக்குமானால், இணங்கியவர் தோற்றவர் அல்லர். கிடைக்கவில்லையெனில், இணங்க மறுப்பவரைக் கண்டிக்குமுன், நாம் எழுப்பும் ஒலியை நாமே ஒருமுறை செவிமடுத்துக் கேட்பது நல்லது.