நாவல் முதலிலா, படம் முதலிலா?

படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா என்ற கேள்வி 2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ வெளியானபோது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு எழுந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய ஐந்து பாகங்கள், ஐந்தரை மணி நேரத்தில் அடங்கும் இரண்டு படங்களாயின.

சுருக்கும்போது நீளம் மட்டும் குறைவதில்லை, முடிவே மாறுகிறது. நாவலில் உத்தம சோழனாக முடிசூடுபவன், பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோகும் சேந்தன் அமுதன் (இன்னும் படிக்காதவர்கள் பொறுத்தருள்க). படத்திலோ அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகனே மன்னனாகிறான். நாவலில் வரும் மணிமேகலையை அடியோடு காணவில்லை.

இவற்றைவிடப் பெரிய இழப்பு, கதையை நிறுத்திவிட்டுக் கல்கி சொல்லும் கிளைக்கதைகள். திருப்புறம்பியம் போரை அப்படித்தான் விவரிக்கிறார். அதில் அபராஜித பல்லவனுக்குத் துணைநின்றவர்கள் சோழர்கள். அந்த அபராஜிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த வீரட்டானேசுவரர் கோயில் திருத்தணியில் இருக்கிறது. யானையின் பின்புறம்போல வளைந்த கருவறைச் சுவர். முருகனைப் பார்க்க மலையேறும் கூட்டத்தில் இங்கே எட்டிப் பார்ப்பவர் குறைவு. நாவலைப் படித்தவருக்கு அந்தக் கல் ஏற்கெனவே அறிமுகமான ஆளின் வீடு. அரக்கோணத்தை அடுத்த தக்கோலமும் அப்படியே. 949-இல் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் மாண்ட களம் அது. நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரியை வெட்டுவித்தவன் அவனே என்கிறார் கல்கி.

முதலில் படித்தால் முகங்களைத் தானே கற்பனை செய்துகொள்ளலாம் என்ற வாதம் அவ்வளவு வலுவானதல்ல. தொடர் வந்த நாளிலேயே ஓவியர் மணியம் குந்தவைக்கு முகமும் கொண்டையும் கொடுத்துவிட்டார்.

ஊரறிந்த கதைக்கு இந்த முன்பின் கணக்கே செல்லாது. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அவற்றைப் படித்துவிட்டா 1967-இல் ‘கந்தன் கருணை’க்குப் போனார்கள்? பாட்டி சொன்ன கதையோடு போனவர்கள், முருகனாக நடித்த சிவகுமாரின் முகத்தோடு திரும்பினார்கள். அதில் குறையொன்றுமில்லை. கந்தசஷ்டிக்குத் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம், முருகன் சினம் தணிந்த திருத்தணியிலோ மலர் அர்ச்சனை. இதைத் தெரிந்துகொள்ள உள்ளூர்க்காரருக்கு ஏடும் வேண்டாம், திரையும் வேண்டாம்.

பொன்னியின் செல்வன் அப்படியல்ல. அதைப் படித்துவிட்டுப் பார்ப்பதே மேல். ஐந்து பாகமும் மலைப்பாகத் தோன்றினால், முதல் பாகமான ‘புதுவெள்ளம்’ மட்டுமாவது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை; மலிவுப் பதிப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன.