கள்ளனும் காயப்பட்டவனும்

எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கிப் போன மனிதனின் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். கள்ளர் அவனை அடித்துக் குற்றுயிராய்ப் போட்டார்கள். குருவானவர் விலகிப் போனார். லேவியனும் விலகிப் போனான். சமாரியனோ காயத்தைக் கட்டி, சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து அவனை ஒப்படைத்தான். ஆனால் அந்தக் கதையில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே நிற்கிறது. அந்தக் கள்ளர்கள் என்ன ஆனார்கள்? மறுநாளும் அதே வழியாக ஜனங்கள் போகவேண்டுமே, அவர்களைக் காப்பது யார்?

நம் ஆண்டவர் சொல்ல வந்த பாடம் அதுவல்ல. ஆகவே அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஊரை ஆளுகிறவர்களுக்கு இந்த இரண்டு கடமையும் உண்டு. கள்ளனைப் பிடிக்கவும் வேண்டும், காயத்தைக் கட்டவும் வேண்டும். முதல் வேலை போலீஸாருடையது. இரண்டாவது வேலை நகரசபைக்கும் ஆஸ்பத்திரிக்கும் உரியது. சாதாரணமாக இவை ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்வதில்லை. ஏனெனில் கள்ளன் வேறு, காயப்பட்டவன் வேறு.

அபின் வகை மருந்துகளுக்கு, முக்கியமாக ஹெராயினுக்கு, அடிமையானவன் விஷயம் அப்படியல்ல. அங்கே கள்ளனும் காயப்பட்டவனும் ஒரே ஆளாக வந்து நிற்கிறார்கள். சட்டம் விலக்கிய பொருளை அவன் கையில் வைத்திருக்கிறான். அதை வாங்கத் தாயின் நகையைத் திருடுகிறான். சில சமயம் தானே சில்லறையாக விற்கவும் செய்கிறான். அதே ஆள்தான், மருந்து கிடைக்காத நாளில் உடம்பெல்லாம் முறுக்கி வலியால் துடிக்கிறான். அளவு மிஞ்சிய நாளில் மூச்சு அடங்கிச் சாகிறான். இவனைக் கண்டால் விலங்கு மாட்டுவதா, கட்டுப் போடுவதா? கிறிஸ்தவ மனச்சாட்சி இதற்கு என்ன சொல்லும்?

இந்தக் கேள்வியை ஏட்டில் படிக்காமல் தெருவில் படித்த பட்டணம் ஒன்று உண்டு. அது ஸ்விட்சர்லாந்து தேசத்தின் சூரிச். செல்வத்துக்கும் சுத்தத்துக்கும் பேர் போன ஊர். அதன் பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்புறம், தேசியப் பொருட்காட்சிசாலையை ஒட்டி, லிமாட், சீல் என்ற இரண்டு ஆறுகள் கூடும் முனையில் பிளாட்ஸ்பிட்ஸ் என்ற பூங்கா இருக்கிறது. 1980-களில் ஹெராயின் பழக்கம் அந்த நகரத்தில் பரவியபோது, போலீஸார் முதலில் விரட்டிப் பார்த்தார்கள். ஒரு சதுக்கத்திலிருந்து விரட்டினால் அடுத்த சதுக்கத்தில் கூட்டம் கூடியது. 1985-ல் சுகாதார அதிகாரிகள், அடிமைப்பட்டவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுக்கக் கூடாதென்று மருத்துவர்களுக்குத் தடை விதித்தார்கள். ஊசி கிடைக்காவிட்டால் பழக்கம் குறையும் என்பது அவர்கள் எண்ணம். பழக்கம் குறையவில்லை. ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டார்கள். எய்ட்ஸ் நோய் பரவியது. மருத்துவர்கள் பலர் எதிர்த்து நிற்க, மறு ஆண்டே அந்தத் தடை நீங்கிற்று.

விரட்டியும் பயனில்லை என்று கண்டபின், 1987 முதல் விட்டுப் பார்த்தார்கள். பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவுக்குள் என்ன நடந்தாலும் போலீஸார் தலையிடுவதில்லை என்றாயிற்று. பல தேசங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பட்டப்பகலில் ஊசி குத்திக்கொண்டு கிடந்தார்கள். நல்ல மனம் படைத்த மருத்துவர்களும் செவிலியர்களும் அந்தச் சேற்றின் நடுவே சுத்தமான ஊசி கொடுத்தும், மூச்சு நின்றவர்களுக்கு மூச்சு ஊதியும் பாடுபட்டார்கள். ஆனால் மருந்து விற்கும் கும்பல்களுக்கும் அது சந்தையாகிவிட்டது. 1992 பிப்ரவரி 5-ம் தேதி பூங்காவை இழுத்து மூடினார்கள். அங்கிருந்தவர்கள் எங்கே போவார்கள் என்பதற்குப் போதிய ஏற்பாடில்லை. சற்றுத் தூரத்தில், கைவிடப்பட்ட லெட்டன் ரயில் நிலையத்தில் அதே கூட்டம் மறுபடி கூடிற்று.

விரட்டியது இரக்கமில்லாத ஒழுங்கு. விட்டது ஒழுங்கில்லாத இரக்கம். இரண்டும் தோற்றன. ஏன் தோற்றன என்று யோசித்தபோதுதான் அவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. போலீஸ் இலாகா ஒரு பக்கம் இழுத்தது. சுகாதார இலாகாவும் சமூக நல இலாகாவும் வேறொரு பக்கம் இழுத்தன. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் எதிரெதிராக இழுத்தால் ஏர் நகருமா?

1995 பிப்ரவரி 14-ம் தேதி லெட்டனை மூடியபோது காரியம் வேறு விதமாக நடந்தது. மூடுவதற்கு முன்பே படுக்கைகளும் தங்குமிடங்களும் சிகிச்சைக்கு வேண்டிய வசதிகளும் அமைக்கப்பட்டன. மெதடோன் என்ற மாற்று மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் கொடுப்பது விரிவாக்கப்பட்டது. வெளியூர்க்காரர்களை அவரவர் ஊர்ச் சபைகளே ஏற்றுக் கவனிக்கும்படி திருப்பி அனுப்பினார்கள். வேறெந்தச் சிகிச்சையும் பலிக்காத கடினமான நோயாளிகளுக்கு, 1994 முதல், மருத்துவர் கண்முன்னே அளந்த ஹெராயினையே கொடுத்துப் பார்க்கும் சோதனையும் நடந்தது. நெடுங்காலம் அந்த நகரசபையின் சமூக நல இலாகாவுக்குத் தலைவியாயிருந்த எமிலி லீபர்ஹெர் அம்மையார் இதற்காக வாதாடியவர்களில் ஒருவர். போலீஸாரோ கும்பல் கூடவிடாமல் கலைப்பதிலும், விற்பனைக்காரர்களைப் பிடிப்பதிலும் கண்ணாயிருந்தார்கள். தடுப்புப் போதனை, சிகிச்சை, தீங்கைக் குறைத்தல், சட்டத்தின் கண்டிப்பு என்ற நான்கையும் அந்த நாட்டார் நான்கு தூண்கள் என்று சொல்லுகிறார்கள். 2000-ம் ஆண்டு முதல் சூரிச் நகரசபையின் ஊழியர்கள், ஆயுதமில்லாமல், பூங்காக்களிலும் தெருக்களிலும் சுற்றி வந்து, விழுந்து கிடப்பவனோடு பேசி, போகவேண்டிய இடத்துக்கு வழிகாட்டுகிறார்கள்.

பலன் என்ன? 1990-களின் தொடக்கத்தில் அந்தச் சிறிய தேசத்தில் ஆண்டுக்குச் சுமார் 400 பேர் போதை மருந்தால் மாண்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. 2008 நவம்பர் 30-ம் தேதி நடந்த பொது வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 68 பேர் இந்த நான்கு தூண் முறையை ஆதரித்தார்கள். ஆனால் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 2023-ல் அதே சூரிச் நகரில் வேறொரு பூங்காவில் கூட்டம் மறுபடி தலைகாட்டிற்று. கண்ணை மூடினால் களை முளைக்கத்தானே செய்யும்.

இனி மனச்சாட்சியின் கேள்விக்கு வருவோம். “இதெல்லாம் பாவத்துக்குப் பாய் விரிப்பதல்லவா?” என்று ஒருவர் கேட்கலாம். அற்பமான கேள்வியல்ல அது. போதை மருந்து உட்கொள்வது, சிகிச்சைக்காக அன்றி, கனமான குற்றம் என்றே திருச்சபை போதிக்கிறது. 2014 ஜூன் மாதத்தில், போதைத் தடுப்பு அதிகாரிகளின் மாநாட்டுக்கு ரோமை நகரில் கூடியவர்களிடம் அந்நாள் பாப்பரசர் பிரான்சிஸ், இந்தத் தீமையோடு சமரசம் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார். மாற்று மருந்து கொடுப்பது மாத்திரம் போதாது என்றும் எச்சரித்தார்.

ஆனால் அதே திருச்சபைதான் வேறொன்றையும் போதிக்கிறது. பழக்கமும் பயமும் பலவந்தமும் ஒருவனுடைய குற்றப் பொறுப்பைக் குறைக்கக்கூடும். முதல் நாள் கைநீட்டி வாங்கியவன் சுயாதீனன். ஆயிரமாவது நாள் கைநீட்டுகிறவன் பாதி அடிமை. அவனைத் தீர்ப்பிடும் அளவுகோல் இரண்டுக்கும் ஒன்றாயிருக்க முடியாது. மேலும், மனிதர் இயற்றும் சட்டம் எல்லாத் துர்க்குணங்களையும் அடக்க முற்பட வேண்டுமா என்று அர்ச். தோமாஸ் அக்வினாஸ் கேட்டு, வேண்டியதில்லை என்று விடை சொல்லியிருக்கிறார். பிறருக்குக் கேடு விளைவித்துச் சமூகத்தையே குலைக்கும் கொடுமைகளைத்தான் சட்டம் முக்கியமாகத் தடுக்க வேண்டும். பலவீனர் தலையில் தாங்க மாட்டாத சுமையை வைத்தால் அவர்கள் இன்னும் பெரிய தீமையில் விழுவார்கள் என்பது அவர் காட்டும் நியாயம். ஆகவே ஒன்றைப் பொறுத்துக்கொள்வது வேறு, அதை நல்லதென்று ஒப்புக்கொள்வது வேறு. விஷத்தை விற்றுக் கொழுப்பவனைப் பொறுத்துக்கொள்ள நியாயமே இல்லை. விஷம் குடித்துக் கிடப்பவனைத் தூக்காமல் போகவும் நியாயமில்லை.

என்றாலும் எல்லை எங்கே என்பது எப்போதும் சுலபமாய்த் தெரிவதில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 1999-ல் சிட்னி நகரின் கிங்ஸ் கிராஸ் பகுதியில், அடிமைப்பட்டவர்கள் செவிலியர் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் இடமொன்றை நடத்தும் பொறுப்பு, நோயாளிகளுக்கு ஊழியம் செய்வதில் பேர் பெற்ற பிறரன்புக் கன்னியர் சபைக்கு வந்தது. அவர்கள் இசைந்தார்கள். ரோமையிலிருந்து வேண்டாமென்று உத்தரவு வந்தது. கன்னியர் கீழ்ப்படிந்து விலகினார்கள். பின் வேறொரு கிறிஸ்தவ சபையார் அதை ஏற்று, 2001 மே மாதத்தில் திறந்தார்கள். அந்த இடத்துக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் போலீஸ் தலைவருக்கும் சுகாதார இலாகாத் தலைவருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. உள்ளே சொந்த உபயோகத்துக்கான சிறு அளவு வைத்திருப்பவன்மேல் வழக்கில்லை. வெளியே விற்கிறவனைப் பிடிக்கப் போலீஸாருக்குத் தடையுமில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே அளவு மிஞ்சி மயங்கியிருக்கிறார்கள். ஒருவரும் அங்கே சாகவில்லை.

கன்னியர் விலகியது தவறா? திருச்சபையின் பேரால் நடக்கும் வீட்டில் தீயதொரு செயலுக்கு இடம் ஒதுக்கினால், அது தீயதல்ல என்று எளிய ஜனங்கள் எண்ணிவிடக் கூடும். அந்தக் கவலைக்குப் பாரம் உண்டு. மறுபக்கம், செத்தவன் மனந்திரும்ப முடியாது. உயிரோடிருப்பவனுக்கே பாவசங்கீர்த்தனம் செய்ய இன்னொரு நாள் உண்டு. இதற்கும் பாரம் உண்டு. இந்த இரண்டில் ஒன்றை லேசாகத் தூக்கி எறிகிறவர், எந்தப் பக்கத்தவரானாலும், விஷயத்தை முழுதும் நிறுத்துப் பார்க்கவில்லை என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம். கன்னியர் அந்த ஓர் இடத்தை விட்டார்களேயன்றி நோயாளிகளை விடவில்லை. அவர்கள் ஸ்தாபித்த அர்ச். வின்சென்ட் ஆஸ்பத்திரியில் மதுவுக்கும் போதைக்கும் அடிமைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை தொடர்ந்து நடந்து வந்தது.

இவ்வளவு தர்க்கத்துக்கு நடுவிலும் யாரும் மறுக்க முடியாத ஒரு நிலம் உண்டு. நலாக்ஸோன் என்றொரு மருந்து இருக்கிறது. அபின் வகை மருந்து அளவு மிஞ்சி மூச்சு நின்றவன் மூக்கில் அதைப் பீய்ச்சினால், சில நிமிஷங்களில் மூச்சு திரும்பக் கூடும். ஸ்காட்லாந்து தேசத்துப் போலீஸாருக்கு 2022 முதல் அதைச் சிறு பையில் வைத்து இடுப்புவாரில் மாட்டிக்கொள்ளக் கொடுக்கத் தொடங்கினார்கள். விலங்கு தொங்கும் அதே வாரில் உயிர் மருந்தும் தொங்குகிறது! விலங்கா, கட்டா என்ற நம் கேள்விக்கு இது ஒரு விடை. இரண்டும் வேண்டும். ஆனால் விழுந்து கிடப்பவன் முன்னே கை எதைத் தேடி முதலில் போகிறது என்பதில்தான் தர்மம் இருக்கிறது.

அன்பான குடும்பத்தாரே, இது எங்கோ இருக்கும் நகரசபைகளின் விவகாரமென்று இருந்துவிட வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு நகரசபையும் ஒரு சிறு போலீஸும் உண்டு. மகன் இரவில் நேரங்கழித்து வருகிறான், கண் சிறுத்திருக்கிறது, பணம் காணாமற் போகிறது. தகப்பனார் அடித்து வெளியே துரத்துகிறார். தாயார் இரகசியமாய்ப் பணம் கொடுத்து ஊராருக்கு மறைக்கிறார். ஒருவர் விரட்டுகிறார், ஒருவர் விட்டுவிடுகிறார். சூரிச் பட்டணம் வருஷக் கணக்கில் உயிர்களைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டதை இந்த வீடும் அப்படித்தான் கற்க வேண்டுமா? தாயும் தகப்பனும் ஒரு நாள் மாலை ஒன்றாக உட்கார்ந்து பேசி, ஒரே முடிவுக்கு வரட்டும். பணம் கையில் கொடுப்பதில்லை, மருத்துவரிடம் கூட்டிப் போவோம், கதவை அடைப்பதில்லை. இது கண்டிப்பும் இரக்கமும் சேர்ந்த வழி.

பங்கு மக்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அப்படிப்பட்ட வீட்டாரைப் பற்றிக் கோவில் வாசலில் பேசும் ஒவ்வொரு குத்தலான வார்த்தையும், அந்தத் தாயை இன்னும் ஒரு மாதம் வாய் மூடியிருக்கச் செய்கிறது. அந்த ஒரு மாதத்தில் மகன் செத்துப் போகக் கூடும். விலகிப் போன குருவானவரும் லேவியனும் அவனை அடிக்கவில்லை. பேசாமல் போனார்கள், அவ்வளவே. நாமோ சில சமயம் பேசிக்கொண்டே விலகிப் போகிறோம்.

இந்த வாரம் ஜெபமாலையில் ஒரு பத்து மணியை, பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்காகவும், அவர்களைத் தேடிப் போகும் காவலர், மருத்துவர், நகரசபை ஊழியர்களுக்காகவும் ஒப்புக்கொடுப்போம். பின் எழுந்து, நம் தெருவில் விளக்கெரியும் வரை திண்ணையில் காத்திருக்கும் தாய் யாராவது உண்டா என்று பார்ப்போம்.