வாடும் செடியும் அயலார் குடமும்

2016-ஆம் ஆண்டு கேரளத்தில் இரு பருவமழைகளும் பொய்த்தன. தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட 34 விழுக்காடும், வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடும் குறைந்தன. அக்டோபரிலேயே 14 மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2017 கோடையில், திருவனந்தபுரத்திற்குக் குடிநீர் தரும் பேப்பாறை அணையில் நீர் அருகவே, நெய்யாற்று நீரை இறைத்து அருவிக்கரைக்குச் சேர்க்க வேண்டியதாயிற்று.

பழவங்காடி போன்ற நெருக்கமான பகுதிகளில் காய்கறித் தோட்டத்திற்கு இடமளிப்பது மாடிதான். பைகளில் நிரப்பிய மண்ணில் வெண்டையும் கத்தரியும் கீரையும் வளர்கின்றன. குழாயில் நீர் சுருங்கும் நாளில் ஓர் அறக்கேள்வி எழுகிறது: மனிதருக்கே நீர் போதாதபோது செடிக்கு ஊற்றுவது தகுமா?

‘தகாது, மனிதரின் தாகமே முதன்மையானது’ என்பர் சிலர். ‘காட்டுமரம்போல் ஆழ வேரோடி நீர் தேட இச்செடியால் இயலாது. பைக்குள் அடைத்தவர்கள் நாமே, கைவிடலாமா?’ என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை நினைத்துப் பார்ப்போம். அவன் ஈந்தது தன் தேர், பிறர் தேரன்று. பொதுக்குழாயில் இன்னொருவர் குடத்திற்குரிய நீரைச் செடிக்கு ஊற்றுவது இரக்கம்போலத் தோன்றலாம். ஆனால் அதற்குரிய விலையைத் தருபவர் அயலார்.

அப்படியானால் நமது பங்கு எது? அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் நம்முடையது. வெயில் தாழ்ந்தபின் அதனை வேரடியில் ஊற்றலாம். மண்ணின்மேல் சருகோ தென்னை நார்க்கழிவோ பரப்பினால் ஈரம் எளிதில் ஆவியாகாது. ஓலையால் நிழல் தரலாம். இவற்றுக்கெல்லாம் நீரைவிடக் கவனமே மிகுதியாக வேண்டும்.

அதுவும் போதாவிடில், காய்க்கும் சில செடிகளைக் காத்து மற்றவற்றை விட்டுவிட நேரும். எல்லாவற்றிற்கும் சிறிது சிறிதாகப் பகிர்வது நடுநிலைமைபோலத் தோன்றும். மேல்மண் மட்டும் நனைந்து எல்லாமே வாடும். தேர்ந்தெடுக்கும் சுமைக்கு அஞ்சும் மனமே அவ்வாறு பகிர்கிறது. விடப்பட்ட செடியில் முற்றிய விதை இருப்பின் எடுத்து வைப்போம். அது அச்செடியின் உயிருக்கு ஈடாகாது என்பதையும் மறவாதிருப்போம்.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழை பொய்த்தால் ஈகையும் தளரும் என்பது அங்கே கூறப்படும் கருத்துகளுள் ஒன்று. பிறர் பங்கைத் தொடாமல், சுருங்கிய தன் பங்கிலிருந்து கொடுப்பவர் அந்தத் தளர்ச்சியை ஒருவாறு வெல்கிறார்.