மழைக்கு முந்தைய மராமத்து

திருவேங்கடம் பக்கத்தில் மழையைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கரிசல் காடு இது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நாட்களில், அதே தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் இந்தத் தாலுகாவுக்குக் காற்று மட்டும்தான் வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் வருஷத்து மழை. பருத்தியும் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் அதை நம்பித்தான் விதைக்கப்படுகின்றன. கண்மாய் பெருகினால்தான் கிணறு ஊறும். மழைக்கு இப்படி ஏங்கிக் கிடக்கிற ஊரில் வீடு கட்டுகிறவர் வெயிலை மனதில் வைத்துத்தான் கட்டுவார். கட்டி முடித்த பிறகும் மழைக்காக வீட்டைத் தயார் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எளிதில் வருவதில்லை. வருகிற விருந்தாளியைப் பார்த்துக் கதவைத் தாழிடுவதா என்பது போன்ற ஒரு கூச்சம் அதில் இருக்கிறது. இந்தக் கூச்சத்தை விட வேண்டும் என்பது என் கட்சி. வெள்ளத்திலோ புயலிலோ தீயிலோ வீடு ஒரே நாளில் சேதமாகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒரு நாள், பல வருஷமாகத் தள்ளிப்போட்ட சின்னச் சின்ன வேலைகளின் கடைசி நாளாகவே இருக்கிறது. அப்படியானால் பணமும் சட்டமும் அக்கம்பக்கத்து உதவியும் அந்த நாளுக்குப் பின்னால் ஓடி வருவதைவிட, முன்னால் போய் நிற்பதுதான் முறை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை தென்மாவட்டங்களில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஒரு வருஷம் முழுக்கக் காண்கிற மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் தாண்டிவிட்டது. தாமிரபரணி கரை மீறி ஏரலைச் சூறையாடியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் புகுந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்டார்கள். கடுமையாகப் பாதித்த தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய், தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் 1,000 ரூபாய் என்று மாநில அரசு நிவாரணம் அறிவித்தது. வீடு இழந்தவர்கள் புதிதாகக் கட்டிக்கொள்ள 4 லட்சம் வரையிலும், பழுதுபார்க்க 2 லட்சம் வரையிலும் பிறகு அறிவித்தது. இது பெரிய உதவி. மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண அளவுகோலைவிடப் பல மடங்கு கூடுதல். நான் பேச வந்தது அந்த அளவுகோலைப் பற்றி.

2022இல் வகுத்த அந்தப் பட்டியலின்படி, சமவெளியில் முழுக்க இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். காரை வீடு ஓரளவு சேதமாகியிருந்தால் 6,500, மண் வீடாக இருந்தால் 4,000. அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதமாகியிருக்க வேண்டும். நாசமான குடிசைக்கு 8,000. தொகை போதுமா என்று விவாதிக்கிறவர்கள் உண்டு. எனக்கு உறுத்துவது அந்த 15 சதவீதம். பதினான்கு சதவீதம் சேதமான வீட்டுக்கு எதுவும் இல்லை. தெருப் பக்கம் சாய்ந்து, முட்டுக் கொடுத்து நிற்கிற சுவருக்கு இந்தப் பட்டியலில் விலை கிடையாது. அது விழுந்த பிறகுதான் விலை. நிவாரணம் என்பதற்கு அப்படித்தான் வரையறை இருக்க முடியும் என்று அதிகாரிகள் சொல்லலாம், அதில் தப்பில்லை. ஆனால் நிவாரணத்தைத் தவிர வேறு வாசல் எதுவும் இல்லாத குடும்பத்துக்கு அந்த வரையறை சொல்கிற சேதி ஒன்றுதான்: விழட்டும், பிறகு வா.

விழுகிற சுவரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். மண் சுவரை மழை மேலிருந்து இடிப்பதில்லை, காலைத்தான் வாருகிறது. இறவாரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர் தரையில் பட்டுத் தெறித்துச் சுவரின் அடியை அரிக்கும். ஒரு மழைக்காலத்தில் விரல் நுழைகிற பள்ளம்; நாலு மழைக்காலத்தில் கை நுழைகிற பள்ளம். ஐந்தாம் வருஷம் அடைமழை பிடித்து, ஈரம் கீழிருந்து மேலேறி, மண்ணின் பிடிப்பு தளரும்போது, ஊறிக் கனத்த மேல்சுவரை அரித்துப்போன அடிச்சுவர் தாங்குவதில்லை. அதனால்தான் மழை விட்ட மறுநாளும் சுவர் விழுகிறது. இறவாரத்தை ஒரு முழம் நீட்டி, சுவரின் காலில் சரள் மண்ணை அணைத்துச் சரிவாக மெத்தியிருந்தால் அந்தப் பள்ளம் விழாது. காரை வீட்டின் கதை வேறு மாதிரி. மொட்டைமாடித் தூம்பில் சருகு அடைத்துத் தண்ணீர் கட்டும். கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைக்கும். மயிரிழை விரிசல் வழியாக ஈரம் கம்பியைத் தொடும். துருப் பிடித்த கம்பி பருத்துப் போய்த் தன்னை மூடியிருக்கும் சிமெண்டை வெளியே தள்ளும். தூங்குகிறவர் மேல் பெயர்ந்து விழுகிற காரைக்குப் பின்னால் இத்தனை வருஷத்து வேலை இருக்கிறது.

கரிசல் ஊருக்கு இதோடு இன்னொன்றும் உண்டு, அது காலடியில் இருக்கிறது. கரிசல் மண் கோடையில் வெடித்துப் பிளக்கும். மழையில் தண்ணீரை உறிஞ்சி உப்பும். வருஷா வருஷம் இப்படிச் சுருங்கி விரிகிற மண்மேல் உட்கார்ந்திருக்கும் அஸ்திவாரம் ஒரு மூலையில் ஏறும், இன்னொரு மூலையில் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசல் அதன் கையெழுத்து. ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ்போல் விரிந்த தூண்களை ஆழத்தில் இறக்கும் முறையை இப்படிப்பட்ட மண்ணுக்கென்றே உருவாக்கித் தந்தது. கருப்பு மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரள் மண்ணை நிரப்பி அதன்மேல் கட்டுவது அதைவிட எளிய வழி. ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு இரண்டும் உதவாது. சுற்றிலும் மூன்றடி அகலத்துக்குச் சரிவாகத் தளம் போட்டு, குளிக்கிற தண்ணீரும் கூரைத் தண்ணீரும் அஸ்திவாரத்தில் இறங்காமல் தள்ளிவிடுவது உதவும். விரிசலுக்குச் சிமெண்ட் பூசுவது மட்டும் போதாது. மறு வருஷம் அது அதே இடத்தில் திறந்துகொள்ளும்.

ஒரு வீட்டின் தள்ளிப்போட்ட வேலை அந்த வீட்டோடு நிற்பதும் இல்லை. 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியுமுன், மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய ஒரு உயரமான சுற்றுச்சுவர் அடுத்திருந்த வீடுகளின் மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அவர்களுடைய வீட்டில் அவர்கள் செய்யாமல் விட்ட வேலை எதுவும் இல்லை. பராமரிப்பு என்பது அவரவர் வீட்டு விஷயம் என்று யாராவது சொன்னால், நடூரைத்தான் பதிலாகச் சொல்வேன்.

தீ வேகமானது, அதனால் அதற்கு முன்கதை இல்லை என்று தோன்றுகிறது. இருக்கிறது. கூரைக்குள் சொருகிய மூட்டுப் போட்ட வயர், அடுப்புக்கு நேர் மேலே தாழ்ந்த கீற்று, டிரிப்பர் இல்லாத மின்பெட்டி எல்லாமே முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிகிறவை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை தடைசெய்யப்பட்டது. அதே குழந்தைகளைப் போன்றவர்கள் இரவில் படுத்து உறங்கும் வீடுகளின் கூரை மாறவில்லை. தமிழ்நாட்டில் இன்னும் சுமார் 8 லட்சம் குடிசைகள் இருப்பதாகக் கணக்கெடுத்துத்தான், 2030க்குள் அவற்றைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை 2024இல் தொடங்கினார்கள். வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். முறை வருகிறவரை இருக்கிற குடிசையில் என்ன செய்வது என்ற கேள்விக்கும் ஒரு பதில் வேண்டும். வயரை மாற்றுவதற்குக் கூரை மாறுகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு வருகிற முதல் மறுப்பு நியாயமானது. 95 செ.மீ. மழைக்கு எந்தத் தூம்பு, எந்த இறவாரம் தாங்கும்? தாங்காது. ஆறு தெருவில் ஓடுகிறபோது மராமத்தைப் பற்றிப் பேசுவது பிழைத்தவர்களைக் குற்றம் சொல்வதாகிவிடும். ஆற்றின் படுகையிலும் ஓடையின் போக்கிலும் இருக்கிற வீடுகளுக்கு மராமத்து பதிலே இல்லை, வேறு மனை தந்து குடியேற்றுவதுதான் பதில். அது அரசின் கடமை, வீட்டுக்காரரின் கடமை அல்ல. ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, வருஷா வருஷம் சாதாரண ஐப்பசி மழைக்கே சுவர் விழுந்து ஆள் சாகிற செய்தி வருகிறது. ஆறும் குளமும் அதில் சம்பந்தப்படுவதில்லை. இரண்டு, பெருவெள்ளத்திலும் பழுதில்லாத வீடு கொஞ்ச நேரம் கூட நிற்கும். இருட்டில் விழ வேண்டிய சுவர் விடிகிறவரை நின்றால், பிள்ளைகளையும் கிழவியையும் கூட்டிக்கொண்டு வெளியேறலாம். பட்டாவையும் ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் மார்க் சீட்டையும் பாலித்தீன் பையில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டை இழந்தவரிடம் அந்த வீடு உன்னுடையதுதானா என்று அலுவலகம் கேட்கப்போகிறது. அந்தக் கேள்விக்குக் காகிதம்தான் பதில்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் தினக்கூலிக்குப் போகிறவர்களிடம் மராமத்துக்குப் பணம் எங்கே இருக்கிறது? வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரின் சுவருக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்? வாடகைக்கு இருப்பவர் செய்ய வேண்டியதில்லை. வாடகை வாங்குகிறவர்தான் செய்ய வேண்டும். மற்றவர்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்கிறேன். ஏழை வீடுகள் பராமரிக்கப்படாமல் இல்லை. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்காத வீடு அபூர்வம். கடன் வாங்கியாவது அடிப்பார்கள். ஆனால் அது மார்கழியில் நடக்கிறது, மழை முடிந்த பிறகு. சுண்ணாம்பு விரிசலை மூடி அழகாக்குகிறது, அடைப்பதில்லை. வீட்டுக்கென்று வருஷத்தில் ஒருமுறை எடுத்து வைக்கிற அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஆவணிக்கு நகர்த்தினால், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இரண்டு நாள் கூலி அதில் அடங்கும். பொங்கலுக்கு வெள்ளை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். பண்டிகையின் சந்தோஷம் சின்ன விஷயம் அல்ல. இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தப் பணமும் இல்லாத வீடுகள் இருக்கின்றன. அங்கே அரசுதான் வர வேண்டும். ஆதரவற்ற முதியோர் இருக்கும் வீடு, அரசே கட்டிக் கொடுத்து முப்பது, நாற்பது வருஷம் ஆன தொகுப்பு வீடு இவையெல்லாம் அதில் சேரும். தொகுப்பு வீடுகளின் கூரையில் கம்பி தெரிவதைத் தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம். சாவியைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்ததன் விளைவு அது. 2000-01க்கு முன் கட்டிய இரண்டரை லட்சம் ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2,000 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை மாநில அரசு 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, எனக்கு அதில் தொகையைவிட அந்தச் சொல் பிடித்தது: பழுதுபார்ப்பது. இடிந்ததற்காக அல்லாமல், இடியாமல் இருப்பதற்காக ஒதுக்கிய பணம். காப்பீடு இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வரி. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, வெள்ளம், புயல், இடி மின்னல் எல்லாவற்றுக்கும் ஈடு தருகிறது, முடிந்தவர்கள் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் தேய்மானத்துக்கும் பராமரிக்காததற்கும் எந்தக் காப்பீடும் ஈடு தராது.

கண்மாய் விஷயத்தில் நம் ஊர்களுக்கு இந்த அறிவு எப்போதும் இருந்திருக்கிறது. கரையைப் பலப்படுத்துவதும் மடையைச் சீர்செய்வதும் மழைக்கு முன்னால் ஊர் கூடிச் செய்கிற வேலை. குடிமராமத்து என்று அதற்குப் பெயர். அந்த வழக்கத்தை 1858இல் மதராஸ் அரசு கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. 2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் திட்டமாக மீட்டெடுத்தது. பழைய குடிமராமத்தில் மண் சுமந்தது யார், மேலே நின்று ஏவியது யார் என்ற கேள்வியை விட்டுவிட்டு அதைப் புகழ எனக்கு மனமில்லை. அதனால் அப்படியே திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் மாதக் கணக்கை மட்டும்: தண்ணீர் வருவதற்கு முன்.

அந்தக் கணக்கு வீட்டுக்கும் பொருந்தி வருகிறது. திருவேங்கடம் பேரூராட்சி, சுற்றியுள்ளவை குருவிகுளம் ஒன்றியத்து ஊராட்சிகள். ஊராட்சிகளில் ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடுகிறது. சாய்ந்த சுவர், கம்பி தெரியும் கூரை, அடுப்பை ஒட்டிய கீற்று, தொங்கும் மின்கம்பி என்று வீட்டு எண்ணோடு ஒரு பட்டியலை அன்றைக்கே தீர்மானத்தில் சேர்க்கலாம். பேரூராட்சியில் வார்டு உறுப்பினர்கள் தெருவாரியாக எடுக்கலாம். இரண்டு நாளில் ஆவணி பிறக்கிறது. ஆடியில் கட்டட வேலை தொடங்கத் தயங்குகிறவர்களுக்கும் ஆவணியில் தடை இல்லை. அக்டோபர் 2 அன்று மறுபடி கிராம சபை. ஆகஸ்ட் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தெந்த வீட்டில் வேலை நடந்தது, எது இன்னும் முட்டுக்கொடுத்தே நிற்கிறது என்று வாசிக்கலாம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். மிச்சமிருக்கும் வீடுகளில் இருப்பவர்களைப் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ படுக்க வைக்க ஏற்பாடு செய்ய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.