எங்கே முடிகிறது நம் கடமை?

பல்லேகலயில் வாழும் நமக்குக் கடற்கரை வெள்ளத்தைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கக் கூடும். ஆயினும் நம் அயலில் ஓடும் மகாவலி மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழை, கண்டி மாவட்டத்தில் மண்சரிவாகி உயிர்களைக் குடித்தது. மகாவலி வழியே இறங்கிய வெள்ளம் வெருகல், மூதூர்த் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. அங்குள்ளோருக்கு ஒருபுறம் ஆறு, மறுபுறம் கடல். உலகக் கடல்மட்டமோ 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது, இன்னும் உயர்கிறது. கடல் உயர உயர, ஆற்று வெள்ளம் வடியும் வழி குறையும்.

இனி நம் குண்டசாலைப் பிரதேச சபையைப் பாருங்கள். சரிவை வெட்டி வீடு கட்டவோ, ஓடைக்கரையில் கடை எழுப்பவோ விரும்புவோர் அனுமதிக்குப் போவது அங்கேதான். வெட்டிய சரிவு ஆற்றுக்குச் சேற்றை அனுப்பும். ஒடுக்கிய ஓடை நீரை விரைந்து தள்ளும். ஆனால் மூதூர் மீனவருக்குக் குண்டசாலையில் வாக்கு இல்லை. வாக்கில்லாதவருக்கும் நம் சபை பதில் சொல்ல வேண்டுமா?

சட்டப்படி இல்லை என்பார்கள். (வாக்குள்ள நமக்கே பதில் சொல்ல ஆளின்றி, 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை சபைகள் வெறுமையாய்க் கிடந்தன என்பது வேறு கதை.) ஆனால் மேல் வயற்காரன் வாய்க்காலில் செய்வதற்குக் கீழ் வயற்காரனிடம் பொறுப்புடையவன் என்பதை நம் உழவர் எச்சட்டமும் படியாமலே ஏற்றுள்ளனர் அன்றோ?

அப்படியாயின், பத்துப் பேர்ச்சஸ் சரிவுக் காணியைத் தவிர வேறொன்றுமில்லாத ஏழை எங்கே போவான்? இது பாரமான கேள்வி. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாதென்று கொழும்பு கோடு கிழித்தது. வள்ளமும் வலையும் கரையில் கிடக்க, மீனவரை உள்ளே போகச் சொன்னார்கள். விடுதிகளுக்கு மட்டும் சலுகையா என்று அவர்கள் முறையிட்டனர். பின்னர் அரசே அக்கோட்டைத் தளர்த்தியது. பாதுகாப்பைத் தேடியதில் பிழையில்லை. அதன் விலை முழுவதையும் அங்கிருந்த ஏழையின் தலையில் வைத்ததே பிழை. ஆகவே, கட்டாதே என்று சொல்லும் சபை மாற்றுக் காணிக்கும் வழி காட்ட வேண்டும். அச்செலவை நாம் எல்லோரும் வரியாகச் சுமக்க வேண்டும். ஊரை விட்டு எழுவது என்னவென்று, 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் பழைய தெல்தெனியவைக் கொடுத்தவர்கள் அறிவார்கள்.

அடுத்த மாரிக்கு முன் உங்கள் வட்டார உறுப்பினரைக் கண்டால், இவ்வாண்டு அனுமதி பெற்ற கட்டடங்களின் மழைநீர் எவ்வழியே போகிறது என்று கேளுங்கள். கோபிக்க மாட்டார்; நம் வாசலுக்கு வாக்குக் கேட்டு வந்தவர்தானே.