தோலைப் பார்த்த தாய்

1938 ஜூன் 4, வியன்னா மேற்கு ரயில் நிலையம். நாஜிகளின் பிடியிலிருந்து தப்பி லண்டனுக்குக் கிளம்புகிறார் உளப்பகுப்பாய்வின் நிறுவனர் சிக்மண்ட் ஃபிராய்ட். நடைமேடையில் 25 வயது மருத்துவ மாணவர் ஹைன்ஸ் கோஹுட். இருவருக்கும் பழக்கமில்லை. வண்டி நகரும்போது இளைஞர் தொப்பியை எடுத்து மரியாதை செய்ய, ஜன்னலோரக் கிழவரும் பதிலுக்குத் தம் தொப்பியை எடுத்தார்.

அவ்வளவுதான். ஆனால் கோஹுட் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்ற கேள்வி இதை எழுதுபவரை விடுவதாயில்லை.

பின்னாளில் சிகாகோவில், ஆணவமும் ஓயாத பாராட்டுப் பசியும் கொண்ட நார்சிச ஆளுமைக் கோளாறை உள்ளிருந்து விளக்கியவர் இதே கோஹுட். குழந்தை துள்ளும்போது தாயின் கண்ணில் ஒரு பூரிப்பு தெரிய வேண்டும், அண்ணாந்து பார்க்க ஒரு பெரியவரும் வேண்டும் என்றார். இரண்டும் கிடைக்காத பிள்ளை, வளர்ந்த பிறகும் எதிர்ப்படும் முகங்களிலெல்லாம் அவற்றைத் தேடும். பாராட்டு நின்றால் வருவது வெறும் ஏமாற்றமல்ல. தானே சிதறிப்போகிற பதைப்பு. ஆத்திரம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

அப்படியானால் அந்தத் தொப்பி? கோஹுட் ஒரே பிள்ளை. தந்தை முதல் உலகப் போரின் முனையில் இருந்தபோது தாயோடு வளர்ந்தவர். 1979-இல் ‘மிஸ்டர் இசட்’ என்ற நோயாளியைப் பற்றி எழுதினார். அது அவரேதான் என்பது வரலாற்றாசிரியர் சார்லஸ் ஸ்ட்ரோசியர் உட்படப் பலரின் முடிவு. அதில் வரும் தாய், மகனின் முகத்தில் கரும்புள்ளிகளைத் தேடித்தேடிப் பிதுக்குவாள். ஓயாமல் பார்க்கிறாள், பார்ப்பது தோலை, பையனை அல்ல. இதைப் படித்த பிறகு அந்த ஒரு விநாடித் தொப்பியசைவு எத்தனை பெரிது என்று படுகிறது. கோஹுட் சொன்ன கதையில் அது அவருக்காகவே அசைந்தது.

அதே வியன்னாவில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் ஓட்டோ கெர்ன்பர்க் கோஹுட்டின் விளக்கத்தை ஏற்கவில்லை. அந்த ஆணவத்துக்கு அடியில் பொறாமையும் பகையும் கிடக்கின்றன, மருத்துவர் அவற்றை எடுத்துக்காட்டியே ஆக வேண்டும் என்றார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இந்தக் கோளாறு இடம்பிடித்தது. இன்றைய பதிப்பில் 9 அறிகுறிகள்; 5 இருந்தால் போதும். பொறாமை அதில் உண்டு. அவமான உணர்ச்சி இல்லை. உள்ளே எரிவது பெரும்பாலும் அதுதான் என்பதால் இந்த விடுபடல் உறுத்துகிறது.

சின்ன வயதில் கிடைக்காத பார்வையை நாற்பது வயதில் ஒரு மருத்துவர் ஈடுகட்ட முடியுமா, அல்லது அது பசியைக் கிளறிவிடுமா? கெர்ன்பர்க் பக்கம் சாய்ந்தால் தோலைப் பார்த்த தாய் நினைவுக்கு வருகிறாள். கோஹுட் பக்கம் சாய்ந்தால், அப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்தி நொந்துபோன மனைவி மக்கள். யார் பக்கம் நிற்பது என்று இதை எழுதுபவருக்கு இன்னும் தெரியவில்லை.